எல்லைக் கம்பியின் கைதட்டல்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு தெச்சேரா வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்கு மூத்தவள் உல்பியானா தெச்சேரா, அவளுடைய கடைசித் தம்பி சிரிலோ, ஐந்து நாள் முன்பு இறந்துபோன நடுத்தம்பி லிபோரியோவின் மகன் தார்தோ, பாசோ டெல் சௌசேயில் மளிகைக்கடை வைத்திருக்கும் நெரோன் பீரிஸ், நகரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ரேடியோ ரிப்பேர்க்காரர் வில்மார் ஒலிவேரா. வேறு யாரும் இல்லை. அன்று தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். அதனால் பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மேசையின் நடுவில் ரேடியோ இருந்தது. ஏழு வால்வு வைத்த பழைய மரப்பெட்டி. பின்பலகையைக் கழற்றியிருந்தார்கள்.

"எல்லாரும் உக்காருங்க" என்றாள் உல்பியானா. அவள் மட்டும் உட்காரவில்லை. கறுப்பு உடையில், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வில்மார், எதைத் தொட்டாலும் என்ன தொடறேன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. இங்க ரெண்டு பேருக்குக் காது நல்லாக் கேக்கணும்."

பீரிஸ் தொப்பியை மடியில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தான். தார்தோ சன்னல் பக்கம் பார்த்தான்.

நடந்தது இதுதான். லிபோரியோ நகரத்து ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை விடியற்காலையில் இறந்தான். தொலைபேசி இல்லாத இந்தப் பக்கத்துக்குச் சாவுச் சேதி வருவதற்கு ஒரே வழி நகரத்து வானொலி. மதியமும் மாலையும் அவர்கள் அறிவிப்புகள் படிப்பார்கள். யார் பிழைத்தார், யார் பஸ்ஸில் வருகிறார், எந்தக் குதிரை காணாமல் போனது என்று எல்லாம் அதில் வரும். அதில் படித்தால் சொன்னதாகவே கணக்கு. தார்தோ கொடுத்த சேதியை இரண்டு முறை படித்தார்கள். வெள்ளிக்கிழமை காலை அடக்கம். அக்காவும் தம்பியும் போகவில்லை.

உல்பியானாவும் லிபோரியோவும் பேசிப் பதினொரு வருஷம் ஆகிறது. அப்பாவின் நிலத்தைப் பிரித்த நாளோடு பேச்சு நின்றது. ஆகவே ஊர் காரணம் தேடவில்லை. போதாக்குறைக்கு அடக்கம் நடந்த அதே காலையில் பீரிஸ் குதிரையில் இந்த வீட்டைக் கடந்து போயிருக்கிறான். உள்ளே ரேடியோ பாடியது, பிரேசில் பாட்டு, கூடவே தாளத்துக்குக் கைதட்டலும் கேட்டது என்று இடுகாட்டிலும் பிறகு கடையிலும் சொன்னான். சனிக்கிழமைக்குள் அது நடனமாகிவிட்டது.

உல்பியானாவுக்குத் தம்பி செத்த விஷயம் அந்தச் சனிக்கிழமைதான் தெரிந்தது. பூப்போட்ட உடையில், தேநீர் மாதிரிக் குடிக்கும் மாத்தே இலை வாங்கப் போனாள். கடையில் இருந்த ஏழு பேரும் அவள் உடையையே பார்த்தார்கள். பீரிஸின் மனைவிதான் கேட்டாள்: "துக்கத்துக்கு இந்த உடையா, உல்பியானா?" யாருடைய துக்கம் என்று அவள் கேட்க வேண்டியிருந்தது. ஏழு பேர் முன்னால். பதிலைக் கேட்டுவிட்டு, "கறுப்புத் துணி நாலு மீட்டர் கிழிங்க" என்றாள். துணியைக் கையில் எடுத்துக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்தாள். கொண்டுபோய் விடுகிறேன் என்று வந்த வண்டியில் ஏறவில்லை.

இந்த வீட்டு ரேடியோ ஒரு மதியம்கூட அறிவிப்பைத் தவறவிட்டதில்லை. ஆனால் அந்த வாரம் செவ்வாய் மாலையோடு நகரத்து நிலையம் வருவது நின்றுவிட்டது. அது அடிக்கடி படுத்துக்கொள்ளும் நிலையம், ஆகவே யாரும் கவலைப்படவில்லை. நாட்டு எல்லைக்கு அப்பால் கிட்டத்திலேயே இருக்கும் பிரேசில்காரனின் பெரிய நிலையம் மட்டும் எடுத்தது. மணி தெரிந்துகொள்வதற்காக அதையே ஓடவிட்டிருந்தார்கள். ஆனால் மற்ற வீடுகளில் நகரத்து நிலையம் வாரம் முழுக்கப் பேசியது என்று சனிக்கிழமை அவளுக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சிரிலோவை நகரத்துக்கு அனுப்பி வில்மாரை வரச் சொன்னாள். தார்தோவுக்கும் பீரிஸுக்கும் ஆள் போயிற்று. வராவிட்டால் ஒன்பதாம் நாள் பூசையன்று கோயில் வாசலில் நின்று பேசுவேன் என்பது சேதி. வந்தார்கள்.

வில்மார் சுவிட்சைப் போட்டார். வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

"ஏழும் எரியுது. ஸ்பீக்கர் இரையுது. இப்போ நகரத்து ஸ்டேஷன் இருக்க வேண்டிய இடத்துல முள்ளை வைக்கிறேன்." மெல்லிய இரைச்சல் மட்டும் வந்தது. "ஒண்ணுமில்ல. இப்போ டியூனிங் கண்டன்சர் முனையில விரல் வைக்கிறேன்."

விரல் பட்டதும் மேசைமேல் ஒரு மனிதன் குதித்தது போல ஆட்டுக்குட்டி விலை சொல்லும் குரல் வந்தது. விரலை எடுத்தார். குரல் போயிற்று. மறுபடி வைத்தார். வந்தது.

"ரேடியோ நல்லாத்தான் இருக்கு. என் உடம்பே ஏரியலா வேலை செய்யுது பாருங்க. ஏரியல்லேருந்து இந்த இடத்துக்கு வர்ற வழிதான் அடைபட்டிருக்கு." மீட்டரின் இரண்டு முனைகளையும் பின்பக்கம் வைத்தார். முள் அசையவில்லை. "ஏரியல் காயில், இந்தக் கம்பிச்சுருள். உள்ள அறுந்திருக்கு."

விளக்கைக் கிட்டத்தில் பிடித்துக் காட்டினார். கட்டைவிரல் பருமனுள்ள அட்டைக்குழலில் இரண்டு கம்பிச்சுற்று இருந்தது. ஒன்று பட்டுநூல் சுற்றியது போல மஞ்சளாக, முழுசாக இருந்தது. இன்னொன்று, மயிரிழைக் கம்பியில் வடை மாதிரிச் சுற்றியது, கரிக்கட்டையாக இருந்தது.

"இது எரிஞ்சதால தூரத்து ஸ்டேஷன் வராது. கிட்டத்துல கத்தறவன் மட்டும் எப்படியோ நுழைஞ்சிடுவான். அதான் பிரேசில்."

"கேட்டியா பீரிஸ்?" என்றாள் உல்பியானா.

"கேட்டேன் உல்பியானா அம்மா. நான் ரேடியோவைப் பத்தித் தப்பாச் சொல்லலியே. பாட்டு கேட்டுச்சு, சொன்னேன். கைதட்டலும் கேட்டுச்சு. என் காது பொய் சொல்லாது."

"இந்த வீட்டுல எவன்டா கைதட்டினான்? அப்பா இறந்தப்புறம் இங்க கொசு அடிக்கக்கூட யாரும் தட்டினதில்ல."

"கேட்டுச்சு" என்று பீரிஸ் தொப்பியைப் பார்த்துச் சொன்னான்.

சிரிலோ, எல்லோருக்கும் சுற்றிவரும் ஒரே மாத்தே குடுவையில் வெந்நீர் ஊற்றி வில்மாரிடம் கொடுத்தான். அவர் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தந்தார். அடுத்தது பீரிஸுக்குப் போயிற்று. பிறகு தார்தோவின் முறை. உல்பியானா கையை நீட்டிக் குடுவையை வாங்கித் தானே குடித்து, காலியாகத் தம்பியிடம் கொடுத்தாள். தார்தோவின் காது சிவந்தது.

"இதுல விசாரிக்க என்ன இருக்கு அத்தை?" என்றான் அவன். "மின்னல் விழுந்திருக்கும். காயில் எரிஞ்சிருக்கும். யார் பேர்லயும் தப்பில்ல. நான் ஊர்ல சொல்லிடறேன்."

"மின்னல்னா இப்படி இருக்காது" என்றார் வில்மார், தலையை நிமிர்த்தாமல். "மின்னல் வந்தா சாக்கெட் பிளந்திருக்கும், பெட்டி கறுத்திருக்கும், பாதி வால்வு போயிருக்கும். இது ஒரே ஒரு கம்பியைப் பார்த்துச் சுட்டிருக்கு. கொஞ்சங்கொஞ்சமா. சிரிலோ, ஏரியல் கம்பி எங்க?"

ரேடியோவை அலமாரியிலிருந்து எடுத்தபோது கழற்றிவிட்ட கம்பி சுவரோரம் தொங்கியது. வில்மார் ஒரு கையைச் சுவரில் ஊன்றி இன்னொரு கையால் அதன் நுனியைப் பிடித்தார். பிடித்ததும் கெட்டவார்த்தை ஒன்று சொல்லிக் கையை உதறினார். இரண்டடி பின்னால் வந்து நாற்காலியில் இடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க அம்மா."

"அந்த வார்த்தை சரியாத்தான் இருந்துது. என்ன அது?"

"உதைக்குது." அவர் கம்பி போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்தார். "இது எங்க போகுது?"

"நிலத்து எல்லை வேலிக்கு. மேல்கம்பியில முறுக்கியிருக்கு. ஒன்றரைக் கிலோமீட்டர் கம்பி, அதைவிட நல்ல ஏரியல் எங்க கிடைக்கும்? அப்பா காலத்துலேருந்து அப்படித்தான்" என்றான் சிரிலோ.

வில்மார் ரேடியோவைப் பிரேசில் நிலையத்துக்குத் திருப்பினார். பாட்டு வந்தது, மத்தளமும் பித்தளை ஊதலுமாக. பிறகு கம்பியின் ரப்பர் உறையைத் துணியால் பிடித்து, நுனியைப் பெட்டிக்கு அருகில் கொண்டுவந்தார்.

டக்.

டக்.

டக்.

நொடிக்கு ஒன்றாக, பாட்டுக்கு மேலே, தெளிவாக, இரண்டு உள்ளங்கை சேர்வது போல.

"எல்லாரும் கையை மேசைமேல வைங்க" என்றாள் உல்பியானா.

வைத்தார்கள். வில்மாரும் ஒரு கையை வைத்தார். அவளும் குனிந்து தன் கைகளைப் பரப்பினாள்.

"இப்போ எண்ணு பீரிஸ். யார் தட்டறா?"

பீரிஸ் மேசைமேலிருந்த கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"எண்ணுடா. உன் காதுதான் பொய் சொல்லாதே."

"யாரும் இல்லம்மா."

"சத்தமா."

"யாரும் தட்டல."

சிரிலோவுக்கு மெதுவாக விளங்கிக்கொண்டிருந்தது. "போன செவ்வாய் நாலு மணி இருக்கும், ஆட்டுக்குட்டி விலை படிக்கிறான், திடீர்னு இந்த டக் டக் வந்துது. அரைமணி நேரம் கழிச்சு ஸ்டேஷனே போச்சு. அப்புறம் பிரேசில்காரன் பாட்டுல இது வந்துகிட்டே இருந்துது. அவன் தாளம்தான்னு விட்டுட்டேன். அவனுங்க பாட்டு எது நமக்குப் புரியுது?"

"வேலிக்குக் கரண்ட் விடற மெஷின் இப்படித்தான் அடிக்கும்" என்றார் வில்மார். "நொடிக்கு ஒரு உதை. மாடு மிரளும், சாகாது. ஆனா இந்த மயிரிழைக் காயில் தாங்காது. யார் மெஷின்?"

பீரிஸ், தன்மேலிருந்த பாரத்தை இன்னொருவன் தோளுக்கு மாற்றக் கிடைத்த வாய்ப்பை விடாமல் சொன்னான்: "போன திங்கக்கிழமை தார்தோ என் கடையிலதான் பேட்டரி வாங்கினான். வேலிக்குன்னு."

உல்பியானா தார்தோவைப் பார்த்தாள். அவன் கைகள் இன்னும் மேசைமேல் இருந்தன.

"புல்லெல்லாம் காஞ்சு கிடக்கு அத்தை. மாடு உங்க பக்கம் தலையை நீட்டிக் கம்பியைச் சாய்க்குது. நான் வேற என்ன பண்றது?"

"சொல்லியிருக்கலாம்."

"எப்படிச் சொல்றது? உங்க வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"வேலியில கரண்ட் விட உனக்கு வாசப்படி தேவைப்படல. அது உன் நிலத்துக்கும் என் நிலத்துக்கும் பொதுவேலி. பாதி என்னது. கட்டையில கரண்ட் தடுக்கற பீங்கான்கூட வைக்காம நேரா மேல்கம்பியில மாட்டியிருக்க, அப்படித்தானே?"

"கட்டை காஞ்சுதான் இருக்கு, கசியாதுன்னு..."

"அந்தக் கம்பிதான் ஏரியல்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

இருபத்துமூன்று வயது வரை இந்த வீட்டில், இந்த மேசையில், இந்த ரேடியோவுக்கு எதிரே சாப்பிட்டவன் தார்தோ. மழைநாளில் வேலிக்குப் போய் அந்த முறுக்கைத் துடைத்துவிட்டு வரும் வேலை அவனுடையது.

"மறந்துட்டேன்" என்றான் கடைசியில்.

"மறந்துட்ட. சரி. அடக்கத்தன்னிக்கு இடுகாட்டுல எல்லாரும் என்னைப் பத்திப் பேசினப்போ நீ என்ன சொன்ன? அதையும் மறந்துட்டியா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"'எங்க அத்தைக்கு சாம்பா டான்ஸ் ரொம்பப் பிடிக்கும்'னு சொன்னே. பீரிஸ் பொண்டாட்டி சொன்னா."

பீரிஸ் கூரையைப் பார்த்தான்.

"அது... கோபத்துல. அப்பா அப்போதான் செத்திருந்தார். நீங்க வரலைன்னு கோபம்."

"உன் அப்பன் என் தம்பிடா. அவனை நான் தூக்கி வளர்த்திருக்கேன். பதினோரு வருஷம் பேசலைன்னா அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. அவன் பெட்டிக்குப் பின்னால நடக்க எனக்கிருந்த உரிமையை நீ ஒரு மாட்டு மெஷினை மாட்டி எடுத்துட்ட. எடுத்துட்டு, என்மேலயே சிரிச்சிருக்க."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்று பீரிஸ் பிறகு சொன்னான். அவன் சொன்னதில் அது ஒன்று சரி.

சிரிலோவையும் தார்தோவையும் அனுப்பி மெஷினைக் கழற்றச் சொன்னாள். அவர்கள் போய் வருவதற்குள் வில்மார் காயிலைச் சூடுவைத்துப் பிரித்துவிட்டார். மஞ்சள் சுற்றைத் தொடாமல், கரிந்த வடையைப் பிளேடால் கீறி எடுத்தார்.

"எத்தனை சுத்து இருந்துதோ அத்தனையே இருக்கணும்" என்றாள் உல்பியானா.

"கரியை எண்ண முடியாதும்மா. இருநூறு, இருநூத்தம்பது வைக்கலாம். ஸ்டேஷனே சொல்லும் போதுமா இல்லையான்னு."

பழைய ரிலே சுருள் ஒன்றிலிருந்து உருவிய மெல்லிய கம்பியை அவர் சுற்றத் தொடங்கினார், ஒவ்வொரு சுற்றையும் உதட்டுக்குள் எண்ணியபடி. அதே மேசையின் மறுமுனையில் உல்பியானா திரும்பி வந்த தார்தோவின் முன் காகிதமும் பேனாவும் வைத்தாள்.

"எழுது. வியாழக்கிழமை மதியம் அறிவிப்புல படிக்கணும். 'பாசோ டெல் சௌசே மக்களுக்கு. லிபோரியோ தெச்சேராவின் மரணச் சேதி அவருடைய அக்காவுக்கும் தம்பிக்கும் எட்டவில்லை. எல்லை வேலியில் நான் சொல்லாமல் மின்சாரம் விட்டதால் அவர்கள் வானொலி எரிந்துவிட்டது.' கீழ உன் பேரு."

"'நான்'னு வேண்டாமே அத்தை. 'மின்சாரம் பாய்ந்ததால்'னு போடலாம்."

"மின்சாரம் தானா நடந்து வந்துதா?"

"ஊர் முழுக்கக் கேக்கும்."

"என்னைப் பத்தியும் ஊர் முழுக்கத்தான் கேட்டுது."

"'சொல்லாமல்'ங்கறதையாவது எடுத்துடுங்க."

"அதை எடுத்தா மிச்சம் என்ன இருக்கு? எழுது."

"நூத்தி நாப்பதா, நூத்தி அறுபதா?" என்றார் வில்மார், கை நின்று. "உங்க சண்டையில போச்சு. மொதல்லேருந்து சுத்தறேன்."

இரண்டு முறை பிரித்தார். மூன்றாவது முறை எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். இருநூற்று இருபதில் நிறுத்தி, மெழுகுவர்த்தியை உருக்கிச் சுற்றின்மேல் விட்டார். முனைகளைப் பற்றவைத்தார். வேலியை விட்டுவிட்டு, கூரையிலிருந்து யூகலிப்டஸ் மரத்துக்குப் புதுக்கம்பி இழுத்துக் கட்டினார்கள். சுவிட்சைப் போட்டதும் நகரத்து நிலையம் வந்தது. விரல் வைக்காமலே வந்தது. மாத்தே இலை விளம்பரம் ஓடியது.

"சரி" என்றாள் உல்பியானா. தார்தோ எழுதியதை இரண்டு முறை படித்தாள். அவன் கையெழுத்தின் கீழ் பீரிஸையும் சாட்சியாகக் கையெழுத்துப் போடவைத்தாள். நிலையத்தில் கொடுக்கும் பொறுப்பை தார்தோவிடமே விட்டாள். அந்த வீட்டில் பிறந்தவன் கையெழுத்துப் போட்டால் அதன்படி நடப்பான் என்று நினைத்தாள். அவள் வாழ்க்கையில் செய்த தவறுகளில் அதுவும் ஒன்று.

வியாழக்கிழமை மதியம் அவளும் சிரிலோவும் மேசையில் உட்கார்ந்து கேட்டார்கள். முதலில் ஒரு குழந்தை பிறந்தது. பிறகு ஒருவருடைய வெள்ளைக் குதிரை காணாமல் போயிருந்தது. பிறகு அறிவிப்பாளரின் கனத்த குரல்:

"பாசோ டெல் சௌசே மக்களுக்கு. லிபோரியோ தெச்சேராவின் மரணச் சேதி, வானொலிப் பெட்டியில் மின்னல் தாக்கியதால் அவருடைய அக்காவுக்கும் தம்பிக்கும் எட்டவில்லை. தார்தோ தெச்சேரா."

தார்தோ வழியில் வேறு காகிதம் எழுதியிருக்கிறான்.

சிரிலோ அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "எப்படியோ, நம்ம பேரு தப்பிச்சுது அக்கா. வேணும்னு போகாம இருக்கலைன்னு ஊருக்குத் தெரிஞ்சாச்சு. போதாதா?"

"பொய்ல தப்பிச்ச பேரு பேரே இல்ல. அவன் என் பேரைத் துடைக்கல. தன் கையைத் துடைச்சுக்கிட்டான், அந்த ரேடியோவைக் கைத்துணியா வச்சு."

அவள் எழுந்து ரேடியோவை அணைத்தாள். கறுப்பு உடையோடு வெயிலில் இறங்கிக் கடைக்கு நடந்தாள். அங்கே பீரிஸின் மனைவி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "மின்னலாமே உல்பியானா, இப்போதான் கேட்டோம். பாவம், நாங்க என்னென்னவோ பேசிட்டோம்."

"மின்னல் இல்ல. தார்தோ."

"வானொலியிலேயே சொன்னாங்களே."

"உன் புருஷன் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கான். அவனைக் கேளு."

பீரிஸ் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஏதோ தேடிக்கொண்டிருந்தான். அவள் காத்திருந்தாள். அவன் நிமிரும் வரை காத்திருந்தாள்.

"தார்தோதான்" என்றான் பீரிஸ். "வேலியில கரண்ட் விட்டான். என் முன்னாலதான் ஒத்துக்கிட்டான்."

ஒன்பதாம் நாள் பூசைக்கு அவள் போனாள். முதல் வரிசையில், தம்பியின் படத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். பூசை முடிந்து வாசலில் துக்கம் சொல்ல வந்த ஒவ்வொருவரும் மின்னலைப் பற்றிச் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் அதே மூன்று வார்த்தையைச் சொன்னாள். தார்தோ நான்கடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மறுக்கவில்லை.

இருந்தும் வானொலியில் வந்ததுதான் நிற்கிறது. தெச்சேரா வீட்டு ரேடியோவில் மின்னல் விழுந்தது என்று இன்றும் அந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். விழவில்லை. எல்லை வேலியின் மேல்கம்பியில், யாரிடமும் சொல்லாமல், மாட்டு மெஷினை மாட்டியவன் லிபோரியோவின் மகன் தார்தோ தெச்சேரா.